மாதிரி நோயாளி

நான் மெத்தை தைக்கிறவன். பஞ்சை அடித்துப் பிரித்து, உறையில் திணித்து, நீள ஊசியால் குத்தி இழுத்துத் தைக்க வேண்டும். இந்தத் தொழிலில் இருக்கிறவன் இருமினால் ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தவளை கத்துகிறதே என்று யாராவது அதற்கு வைத்தியம் பார்ப்பார்களா? கடைக்கு வந்தவர்கள் எல்லோரும், "பஞ்சுத் தூசிண்ணே, வெந்நீர் குடிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் குடித்தேன். இருமலும் என்னோடு சேர்ந்து வெந்நீர் குடித்துக் கொழுத்தது.

என் மனைவி மட்டும் இதை ஒப்புக்கொள்ளவில்லை.

"பஞ்சு நம்ம கல்யாணத்துக்கு முன்னாடியிலேருந்து இருக்கு. இருமல் இப்பதானே வந்துது? பாவம், பஞ்சு மேல பழி போடாதீங்க" என்றாள்.

ஒரு நாள் கடையில் குனிந்து இருமும்போது வெள்ளைப் பஞ்சில் சிவப்பாக ஒரு பொட்டு விழுந்தது. சாப்பாடு கொண்டுவந்திருந்த மனைவி அதைக் கிள்ளியெடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வீட்டுக்குப் போனதும் பாப்பாவின் பாயைச் சுருட்டி அடுப்புப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டாள். எங்களுக்கு இருப்பது ஒரே அறை. பாப்பாவுக்கு ஐந்து வயது. என் வயிற்றின் மேல் ஒரு காலைப் போட்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

"என்ன சீக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்க. தெரியற வரைக்கும் அவ என் பக்கத்துலதான் படுப்பா. அழுதா அழட்டும்."

எனக்கு வேண்டியது அவ்வளவுதான். என்ன சீக்கு என்று யாராவது ஒருத்தர் பார்த்துச் சொல்ல வேண்டும். உலகத்தில் யாரும் கேட்காத வரமா இது?

ஆஸ்பத்திரிக்குப் போனேன். சளி பரிசோதிக்கும் அறை பூட்டியிருந்தது. கதவில் ஒட்டியிருந்த தாளில், "காசநோயாளிகளைத் தாமதமின்றிக் கண்டறிவது பற்றிய பயிற்சியில் ஊழியர்கள் அனைவரும் கலந்துகொள்வதால் இந்த அறை மறு அறிவிப்பு வரை இயங்காது" என்று எழுதியிருந்தது. இரண்டு தடவை படித்தேன். பக்கத்தில் காவலாளி ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"எங்கங்க எல்லாரும்?"

"படிக்கப் போயிருக்காங்க."

"என்ன படிக்க?"

"உங்களை மாதிரி ஆளுங்களை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு."

"நான்தான் இங்கேயே நிக்கிறேனே!"

"அது எனக்குத் தெரியுது. அவங்களுக்குத் தெரியணும்ல? பின்னாடி கட்டடம், மாடிக்குப் போங்க. செருப்பை வெளியில விடுங்க."

பின்கட்டடத்தின் மாடியில் பெரிய கூடம். உள்ளே டாக்டர்களும் நர்சுகளும் மருந்துக்கடைக்காரர்களும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல்களை எல்லாம் அடைத்து, மேலே கனமான திரையும் போட்டிருந்தார்கள். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. இருட்டில் சுவர் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. அதில் பெரிய எழுத்தில், "ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். காற்றோட்டமே முதல் மருந்து" என்று ஓடியது. முன்வரிசையில் ஒருவர் எழுந்து, மூச்சு முட்டுகிறது, ஒரு ஜன்னலையாவது திறக்கலாமா என்று கேட்டார்.

மேடையில் நின்றிருந்த இயக்குநர் சிரித்தார். காசநோய்க் கற்பித்தல் மையத்துக்கு அவர்தான் தலைவர். நல்ல வாட்டசாட்டமான ஆள், கணீரென்ற குரல்.

"திறந்தா வெளிச்சம் வந்துரும். வெளிச்சம் வந்தா எழுத்து தெரியாது. எழுத்து தெரியலன்னா ஜன்னலைத் திறக்கணும்கிறது உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

கூடமே தலையாட்டியது. கேட்டவர் வெட்கப்பட்டு உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து எனக்கு இருமல் வந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு, குடல் வாய்க்கு வருகிற மாதிரி இருமினேன். இயக்குநரின் முகம் மலர்ந்துபோயிற்று.

"வந்துட்டாருய்யா! காலையிலேருந்து உங்களைத்தான் தேடிக்கிட்டு இருக்கோம். நாடகக் குழுவிலேருந்துதானே அனுப்புனாங்க? வாங்க, மேடைக்கு வாங்க!"

"சார், நான் நாடகம் இல்லீங்க. எனக்கு இருமல். சளி பார்க்க வந்தேன்."

"பிரமாதம். இதே உணர்ச்சியோட இருங்க. கலைச்சுடாதீங்க."

விஷயம் இதுதான். பயிற்சிக்கு வரும் டாக்டர்கள் கேள்வி கேட்டுப் பழக ஒரு ஆள் வேண்டும். அவருக்கு மாதிரி நோயாளி என்று பெயர். நோய் இருக்காது, இருக்கிற மாதிரி நடிக்க வேண்டும். அன்றைக்கு வர வேண்டிய நடிகர் வரவில்லை. நான் வாய் திறந்து சொல்லச் சொல்ல, நடிகர்தான் இப்படிப் பேசுவார் என்று அவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

முதலில் வந்தவர் குழந்தை டாக்டர். முன்வரிசை ஆள், எந்நேரமும் வாயில் புதினா மிட்டாய், எதற்கும் முதலில் கையைத் தூக்குவார். அன்பாகத்தான் கேட்டார்.

"எவ்வளவு நாளா இருமல்?"

"இரண்டு மாசமா, டாக்டர்."

"நிறுத்துங்க!" என்றார் இயக்குநர். "இரண்டு வாரம்னு சொல்லணும். கேள்வித்தாள்ல இரண்டு வாரம்தான் இருக்கு. தொழில் என்ன?"

"மெத்தை தைக்கிறேங்க."

"கூடாது. பஞ்சுன்னு சொன்னா டாக்டருங்க குழம்பிடுவாங்க. நீங்க லாரி டிரைவர். இரண்டு வாரமா இருமல், சாயங்காலமானா காய்ச்சல், ராத்திரி வேர்வை. வேர்க்குதுல்ல?"

"வேர்க்குதுங்க. பாய் நனையுது."

"பாயெல்லாம் வேண்டாம். வேர்க்குதுன்னா போதும்."

நான் லாரி டிரைவராகி, இரண்டு வாரமாக இருமினேன். குழந்தை டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, கூடத்தைப் பார்த்துத் திரும்பி, கணீரென்று சொன்னார்: "இவருக்குக் காசநோய் இருக்கலாம். ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும்!"

கைதட்டல் காதைப் பிளந்தது. எனக்கும் கண் கலங்கிவிட்டது. கடைசியில் ஒரு மனுஷனாவது சொன்னானே!

"எப்ப டாக்டர்? இப்பவே போலாமா?" என்று எழுந்தேன்.

கூடம் குலுங்கக் குலுங்கச் சிரித்தது. குழந்தை டாக்டருக்கு அன்றைய சிறந்த பயிற்சியாளர் பரிசாக ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள்.

அடுத்தது சளி சேகரிக்கும் செய்முறை. கையில் டப்பா கொடுத்தார்கள். மனசாரக் காறித் துப்பினேன். உள்ளே சிவப்பு இழை ஓடியதை நானே பார்த்தேன். லேப் அம்மா அதை வாங்கி மூடி, தட்டில் வைத்தார். ஆஸ்பத்திரியில் பூட்டிக் கிடந்த அறை அந்த அம்மாவுடையதுதான். ஆனால் கருவிக்கு அடியில் வைத்துப் பார்த்தது என் சளியை இல்லை. அலமாரியிலிருந்து எடுத்த, எவருடைய சளியோ தடவிக் காய்ந்த பழைய கண்ணாடித் துண்டைப் பார்த்தார்கள்.

"சார், என்னோடது அங்க இருக்கே" என்றேன்.

இயக்குநர் என் தோளில் கை போட்டார். "உங்க சளியில என்ன இருக்குன்னு யாருக்குங்க தெரியும்? பரீட்சைக்குத் தெரிஞ்ச விடை வேணும். தெரியாத சளியை வெச்சுக்கிட்டு நாங்க எப்படி மார்க் போடுறது?"

என் டப்பா சாயங்காலம்வரை ஏ.சி.க்குக் கீழே கிடந்தது. மூடி சரியாகப் பொருந்தவில்லை. அப்புறம் யாரோ அதைக் குப்பையில் போட்டார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் லேப் அம்மாவைப் பிடித்தேன். நல்ல மனுஷி. நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிஜமாவாண்ணே?"

"என் பொண்ணு மேல சத்தியமாம்மா."

"நம்புறேண்ணே. ஆனா நான் கை வைக்க முடியாது. பத்து வருஷமா இதைத்தான் செஞ்சுக்கிட்டிருந்தேன். பயிற்சிக்குப் பேர் குடுத்தா, பயிற்சி இல்லாத ஆள்னு ஆயிடுமாம். சர்டிபிகேட் வாங்குற வரைக்கும் எதையும் தொடக் கூடாதுன்னுட்டாங்க. முடியற வரைக்கும் பொறுத்துக்கோங்கண்ணே, முதல் ஆளா உங்களைப் பார்த்துடறேன்."

இந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் நான் தினமும் போனேன். பூட்டின அறையின் சாவி இருக்கிற இடத்தைவிட்டு எங்கே போவது? ராத்திரி வீட்டுக்கு வந்தால் மனைவி வாசலிலேயே கேட்பாள்.

"என்ன சீக்காம்?"

"இருக்கலாம்னு சொல்லிக் கைதட்டினாங்க."

"கைதட்டினாங்களா? யாருக்கு?"

எனக்கே தெரியாததை அவளுக்கு என்னவென்று சொல்ல? பாப்பா அடுப்புப் பக்கத்திலிருந்து காலை மட்டும் என் பக்கம் நீட்டிக் காட்டும். எட்டாது.

மறுநாள் முகக்கவசப் பயிற்சி. கவசங்கள் பெட்டி பெட்டியாக வந்திருந்தன. ஆனால் பெட்டியைப் பெரிய விருந்தினர்தான் பிரிக்க வேண்டுமாம், அவர் வரவில்லை. இருந்த மாதிரிக் கவசம் ஒன்று. அதை முதலில் எனக்குப் போட்டுக் காட்டினார்கள். மூக்குக் கம்பியை எப்படி அழுத்துவது, ஓரத்தில் காற்று கசிகிறதா என்று எப்படிப் பார்ப்பது, எல்லாம் விளக்கமாகச் சொன்னார்கள். பிறகு அதைக் கழற்றி முன்வரிசையில் முதல் ஆளிடம் கொடுத்தார்கள். அவர் போட்டுப் பார்த்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுத்தார். வரிசை வரிசையாகக் கைமாறி, கடைசி வரிசைவரைக்கும் போய், ஈரத்தோடு மேடைக்குத் திரும்பி வந்தது. கடைசியில் குழுப் படம் எடுத்தார்கள். படத்துக்கு முகம் தெரிய வேண்டும் என்று இயக்குநர் கறாராகச் சொல்லிவிட்டதால் கவசத்தை யாரும் கையில்கூட வைத்துக்கொள்ளவில்லை.

சிகிச்சைப் பாடம் வந்தது. எனக்கு மாத்திரை கொடுத்தார்கள். அப்பாடா என்று விழுங்கினால், நாக்கு தித்தித்தது. சர்க்கரை மாத்திரை.

"வாயைத் திறங்க. நாக்கைத் தூக்குங்க. முழுங்கிட்டீங்களா?" என்று ஒரு நர்சு டார்ச் அடித்துப் பார்த்தார். என் வாழ்நாளில் யாரும் என்னை இவ்வளவு கவனித்ததில்லை.

மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டால் நோயாளியின் எடை கூடும் என்று சுவரில் ஓடியது. அதைக் காட்ட என்னைத் தராசில் ஏற்றினார்கள். முதல் நாள் ஏற்றிப் பார்த்ததைவிடக் குறைந்திருந்தது. கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. இயக்குநர் அசரவில்லை. மேசையிலிருந்து தாள் பறக்காமல் வைக்கும் கண்ணாடிக் குண்டை எடுத்து என் சட்டைப்பையில் போட்டார்.

"இப்பப் பாருங்க. சிகிச்சை வேலை செய்யுது."

அடுத்த வாரம் இரண்டு குண்டு தேவைப்பட்டது. அதற்கடுத்த வாரம் இரண்டு பக்கமும் குண்டு வைத்தும் முள் ஏறவில்லை என்று, ஒருத்தரை என் பின்னால் நிற்க வைத்து ஒரு காலைத் தராசின் ஓரத்தில் ஊன்றச் சொன்னார்கள்.

இதற்குள் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒரு கூட்டம் சர்டிபிகேட் வாங்கிப் போனால் அடுத்த கூட்டம் வந்தது. பக்கத்து ஊர்களிலிருந்தும் டாக்டர்கள் பஸ் பிடித்து வந்தார்கள். எல்லோருக்கும் மாதிரி நோயாளி நான்தான். நாடகக்காரர் ஒரு நாள் வந்து எட்டிப் பார்த்தார். நான் இருமுவதைக் கேட்டுவிட்டு, "இந்த அளவுக்கு நமக்கு வராதுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

கூடத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. ஆரம்பத்தில் நான் இருமினால் நிசப்தமாகக் கேட்பார்கள். பிறகு பின்வரிசையில் ஒரு இருமல் பதில் சொல்ல ஆரம்பித்தது. அப்புறம் நடுவரிசையிலும் கேட்டது. விடாமல் எல்லாக் கூட்டத்துக்கும் வந்துகொண்டிருந்த மையத்து ஊழியர்களில் பாதிப் பேர் கைக்குட்டையும் கையுமாக இருந்தார்கள். இருட்டில் யாருடையது என்று தெரியாது. ஒன்று ஓய்ந்தால் இன்னொன்று தொடங்கும். ஏ.சி. எல்லாவற்றையும் இழுத்துக் குளிர வைத்துத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

ஒரு நாள் பொறுக்க முடியவில்லை. மேடையில் எழுந்து நின்று கத்தினேன்.

"ஐயா, சாமி! நான் லாரி டிரைவர் இல்ல! இது நடிப்பு இல்ல! எனக்கு நிஜமாவே சீக்கு! ரத்தம் வருது! எனக்கு அஞ்சு வயசுல பொண்ணு இருக்கு! உங்கள்ல ஒருத்தராவது கேளுங்க! ஜன்னலைத் திறங்க!"

அதோடு இருமலும் வந்து மேசை மேல் சாய்ந்தேன்.

கூடம் எழுந்து நின்று கைதட்டியது. இயக்குநர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு தழுதழுத்தார்.

"கவனிச்சீங்களா? நோயாளி கோபப்படுவார். நம்பிக்கை இழப்பார். அப்ப நாம என்ன செய்யணும்? பொறுமையா... காது கொடுத்து... கேட்கணும்." இந்த இடத்தில் அவருக்கே இருமல் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். "நோயாளிங்க இன்னிக்கு இருப்பாங்க, நாளைக்குப் போயிடுவாங்க. பயிற்சி நிலைச்சது. இந்த நோயே இல்லாத ஒரு நாள் வந்தாலும், ஏன், நோயாளின்னு யாருமே மிஞ்சாத ஒரு நாள் வந்தாலும், இந்தக் கூடத்துல விளக்கு எரியும்!"

அந்தப் பேச்சுக்கும் கைதட்டினார்கள். நடுநடுவே இருமினார்கள்.

எல்லாக் கூட்டத்துக்கும் சளிச் செய்முறை காட்ட நிறுத்தி வைத்திருந்த லேப் அம்மாவுக்கும் கடைசியில் சர்டிபிகேட் வந்தது. பூட்டின அறை திறந்தது. விடிந்ததும் விடியாததுமாக ஓடினேன். அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்தி இருமிக்கொண்டே சொன்னார்: "இப்பத் தடை ஒண்ணும் இல்லண்ணே. டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் குடுத்தா உடனே பார்த்துடறேன். சீட்டு இல்லாம தொடக் கூடாதுன்னு பயிற்சியில சொல்லிக் குடுத்துட்டாங்க."

சீட்டுதானே என்று டாக்டர் அறைக்குப் போனேன். இருமினேன். டாக்டர் தலையைத் தூக்கிப் பார்த்தார். முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

"அட, லாரி டிரைவர்! உங்களாலதாங்க நான் பாஸானேன்! இன்னிக்கு என்ன, திடீர் சோதனையா? கேளுங்க, சொல்றேன். இரண்டு வாரத்துக்கு மேல இருமல்னா சளிப் பரிசோதனை. சரியா?"

"சரி டாக்டர். எழுதிக் குடுங்க."

"ஆளை விடுங்கண்ணே" என்று சிரித்து என் முதுகில் தட்டி அனுப்பினார்.

அடுத்த டாக்டரிடம் போனேன். அவர் நர்சைக் கூப்பிட்டு, "இவர்தான்மா அவரு" என்று காட்டினார். பக்கத்து ஊருக்குப் போனேன். அங்கே என்னோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுற்றுவட்டாரத்தில் காசநோயைப் பார்த்தால் தெரிந்துகொள்ளக்கூடிய டாக்டர் ஒருத்தர் விடாமல் என்னைப் பார்த்துத்தான் படித்திருக்கிறார். நோயைத் தெரிந்த எல்லோருக்கும் என்னைத் தெரியும். என்னைத் தெரிந்த யாருக்கும் என் நோய் தெரியாது. நன்றாகத்தான் மாட்டிக்கொண்டேன்.

இயக்குநர் ஆள் அனுப்பினார். போனால், எழுந்து வந்து வரவேற்றார். கன்னம் ஒட்டியிருந்தது. சட்டை தொளதொளவென்று தொங்கியது.

"டயட்ல இருக்கேன்" என்றார், நான் கேட்காமலே. "ஒரு நல்ல சேதி. அடுத்த மாசம் குழந்தைகள் பிரிவு தொடங்கறோம். குழந்தைங்களுக்கு இந்த நோய் வந்தா கண்டுபிடிக்கறது ரொம்பக் கஷ்டம். அதுக்கு ஒரு மாதிரிக் குழந்தை வேணும். உங்களுக்கு ஒரு பொண்ணு இருக்குன்னு அன்னிக்கு வசனத்துல சொன்னீங்களே, அது நிஜமா?"

"அவ பேச்சை எடுத்தீங்கன்னா மரியாதை கெட்டுடும், ஆமா!" என்று கத்திவிட்டு இறங்கி வந்துவிட்டேன். படியிறங்கும்போது மூச்சு வாங்கி இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன்.

வீட்டு வாசலில் மனைவி நின்றிருந்தாள். வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்கவில்லை. உள்ளே கை காட்டினாள். பாப்பா அடுப்புப் பக்கம் பாயில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தது. சின்ன உடம்பு மொத்தமும் குலுங்கியது. என்னைப் பார்த்ததும், "அப்பா, எனக்கும் வந்துடுச்சு. இனிமே உன் பக்கத்துல படுக்கலாம்ல?" என்று கேட்டது.

என் மனைவி அழவில்லை. நான்தான் அழுதேன்.

மறுநாள் காலையில் மூன்று பேரும் குழந்தை டாக்டரிடம் போனோம். என் முகத்தைப் பார்த்தால் காரியம் கெட்டுவிடும் என்று தலையில் துண்டைப் போட்டு, வாயையும் மூடிக்கொண்டு, பின்னால் நின்றேன். அறையில் ஏ.சி. ஓடியது. சுவரில் அந்தப் பரிசுக் கடிகாரம். டாக்டர் இளைத்திருந்தார். புதினா மிட்டாயை வாயில் ஒதுக்கிக்கொண்டு, "சொல்லுங்கம்மா" என்றார்.

"புள்ளைக்கு இருமல், டாக்டர். சாப்பிட மாட்டேங்குது. சாயங்காலமானா உடம்பு சுடுது. எடை இறங்கிக்கிட்டே போகுது. வீட்ல இவங்க அப்பாவுக்கும் இருமல். நெருக்கமான ஒரே ரூம்."

டாக்டரின் கண்கள் கூர்மையாயின. நிமிர்ந்து உட்கார்ந்தார். கரெக்டாகத்தான் ஆரம்பித்தார். கழுத்தைத் தடவிப் பார்த்தார். முதுகில் குழல் வைத்துக் கேட்டார். பேனாவை எடுத்துச் சீட்டில் வைத்தார். எழுது, மகராசா, எழுது!

அடக்கி அடக்கிப் பார்த்தேன். முடியவில்லை. இருமிவிட்டேன்.

பேனா நின்றது. டாக்டர் தலையைச் சாய்த்து அந்த இருமலை ரசித்துக் கேட்டார். பிறகு மெல்லச் சிரித்தார்.

"துண்டை எடுங்கண்ணே. உங்க இருமல் எனக்குத் தெரியாதா?" பாப்பாவின் கன்னத்தைக் கிள்ளினார். "ஓ! குழந்தைகள் பிரிவு ஆரம்பிச்சாச்சா? என்னமா நடிக்குது பாருங்க. சாயங்காலக் காய்ச்சல், எடைக் குறைவு, வீட்ல ஒருத்தருக்கு இருமல்... ஒண்ணுகூட விடல. நானும் அசந்துட்டேன். சபாஷ்டா கண்ணு!"

பேனாவை மூடி வைத்துவிட்டுக் கைதட்டினார். வாசலில் நின்ற நர்சும் வந்து கைதட்டினாள். நான் வாயைத் திறந்தேன். நான் என்ன சொன்னாலும் அது வசனம்தான் என்று தெரிந்ததால் ஒன்றும் வரவில்லை.

பாப்பாவுக்கு இதுவரை யாரும் கைதட்டியதில்லை. சந்தோஷத்தில் முகம் சிவந்து, இன்னொரு தடவை இருமிக் காட்டியது. அப்புறம் அதற்கு நிறுத்த முடியவில்லை.

என் மனைவி டாக்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எழுந்து போய், திரையை ஒதுக்கி, ஜன்னல் கொக்கியைத் தட்டித் தட்டித் திறந்தாள்.

"ஜன்னலை மூடுங்கம்மா, ஏ.சி. ஓடுது" என்றார் டாக்டர், கைக்குட்டையைத் தேடி இருமிக்கொண்டே.